ஓரம் எழும்பாத டேப்: டர்ட் பைக் கிரிப் டேப் தொழில் தொடங்கிய கதை

மண் தடத்தில் ஓடும் பைக்கின் ஃபிரேமில் பெயிண்ட் முதலில் எங்கே போகும் என்று கேட்டால், கால் வைக்கும் ஃபுட் பெக்குக்கு ஒரு சாண் மேலே, பூட்ஸின் உட்புறம் அழுந்தும் இடத்தில் என்று எந்த மெக்கானிக்கும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். மேடுபள்ளத்தில் இருக்கையை விட்டு எழுந்து நின்று ஓட்டும்போது உடலின் பாரம் முழுவதும் பெக்குகளின் மேல் இறங்குகிறது. கைகள் ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துச் சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், வண்டியை முழங்காலாலும் கணுக்காலாலும் இடுக்கிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அப்படி இடுக்கும் பூட்ஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மணல் புகுந்துகொண்டு, ஓட்டும் நேரமெல்லாம் அரைத்துக்கொண்டே இருக்கும். என்னுடைய எக்ஸ்பல்ஸ் 200-இல் மூன்றாவது மாதமே கறுப்புப் பெயிண்ட் போய்ப் பிரைமர் தெரிந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் துரு பூத்தது. நண்பர் ஒருவரின் கவாஸாகி கேஎக்ஸ் 250-க்கு அலுமினிய ஃபிரேம் என்பதால் துரு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் நாள்பட்ட எவர்சில்வர் பாத்திரம் போலத் தேய்ந்து மின்னியது.

இந்த இடத்தில் ஒட்டுவதற்கென்றே சொரசொரப்பான கிரிப் டேப் செட்டுகள் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. பெயிண்டைக் காப்பது ஒரு வேலை, பூட்ஸ் வழுக்காமல் பிடிப்புத் தருவது இன்னொரு வேலை. ஆனால் அவை பெரும்பாலும் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளின் அளவுக்கு வெட்டப்பட்டவை. நம் ஊரில் மண் ஓட்டத்தைச் சாதாரண மாதச் சம்பளக்காரர்களிடமும் கொண்டுவந்து சேர்த்தது 2019-இல் வெளிவந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-தான் என்பது என் எண்ணம். அந்த வண்டிக்கு அளவெடுத்து வெட்டிய செட் நான் தேடிய இடங்களில் கிடைக்கவில்லை. நான் இருப்பது கோயம்புத்தூர். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் ஊர். பந்தயம் ஓட்டுபவர்களும் உண்டு, அவர்களுடைய வண்டிகளைப் பிரித்து மாட்டும் பட்டறைகளும் உண்டு, லேத்துக்கும் அச்சு வார்ப்புக்கும் டை வேலைக்கும் ஆள் தேடி வெகுதூரம் போகவும் வேண்டாம். டேப்பை வெட்டி ஒட்டுவதில் என்ன பெரிய சூட்சுமம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

முதல் முயற்சிக்கு ஹார்டுவேர் கடையில் மாடிப்படிக்கு ஒட்டும் கறுப்பு ஆன்டி-ஸ்லிப் டேப்பை வாங்கினேன். அது அடிப்படையில் பசை தடவிய உப்புத்தாள்தான்: மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியம் ஆக்சைடு துகள்களைப் பதித்திருப்பார்கள். பிடிப்பு அபாரமாக இருந்தது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே பந்தயப் பேண்ட்டின் உட்கால் பகுதி நூல்நூலாகப் பிரிந்ததைப் பார்த்தபோது, அந்தப் பிடிப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது புரிந்தது. ஃபிரேமின் பெயிண்டைக் காப்பாற்றப் போய் அதைவிட விலை கூடிய பேண்ட்டையும் பூட்ஸையும் அரைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. தவிர, அந்தத் துகள்கள் கத்தரிக்கோலையும் பிளேடையும் நான்கு வெட்டுக்குள் மொண்ணையாக்கிவிடும். படிக்கட்டு டேப் படிக்கட்டுக்குத்தான் என்று ஒதுக்கிவைத்தேன்.

அடுத்து, தோல் போன்ற வரிகள் அழுத்திய பிவிசி தாள். விலை மலிவு, வெட்டுவதும் எளிது. ஆனால் மலிவான பிவிசி தாள் சூடான உருளைகளுக்கு நடுவே இழுத்துத் தட்டையாக்கப்பட்டது. வெயிலில் கிடக்கக் கிடக்க அது தன் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். பதினைந்து நாளில் ஓரங்கள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி, வெளியே தெரிந்த பசையில் செம்மண் ஒட்டி, ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கோடு விழுந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்ல மெல்லப் பசைக்குள் இறங்கி அதையும் குழையச் செய்துவிடும். கடைசியில் ஆம்பூர்ப் பக்கம் காலணித் தொழிலுக்குப் பொருள் விற்கும் ஒரு வியாபாரியிடம், ஒரு பக்கம் சிறு முண்டுகளும் மறுபக்கம் வழவழப்புமாக இருந்த 0.8 மில்லிமீட்டர் டிபியு தாளைப் பார்த்தேன். பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்த அது இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும், உரசலைத் தாங்கும். காலணிக்குச் செய்தது கணுக்கால் படும் இடத்துக்கும் பொருந்தியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தாள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்த இடத்திலிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. அது பசை.

முதல் பத்து செட்டுகளை இரட்டைப் பக்கப் பசைத்தாள் ரோல் ஒன்றை வாங்கி டிபியு தாளின் பின்புறம் ஒட்டிச் செய்தேன். விற்றவர் அதை அக்ரிலிக் பசை என்றார். ஒட்டிய நொடியிலேயே பிடித்துக்கொண்டது. கையால் உரிக்கவே முடியவில்லை. பழகிய பத்துப் பேருக்கு இலவசமாகக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். மூன்று வாரத்தில் ஏழு வண்டிகளில் ஓரம் எழும்பியது. எழும்பிய டேப் டேப்பே ஒட்டாததைவிடக் கெடுதல் என்பதையும் அப்போதுதான் கண்ணால் கண்டேன். தூக்கிய ஓரத்தின் அடியில் மணல் புகுந்து பசையோடு ஒட்டிக்கொள்கிறது; அதற்கு மேல் பூட்ஸ் அழுத்தும் ஒவ்வொரு முறையும் டேப்பே உப்புத்தாளாக மாறி, தான் காக்க வேண்டிய பெயிண்டைத் தானே தேய்க்கிறது. ஒரு வண்டியில் டேப்பை உரித்தபோது அதன் அடியில் இருந்த பெயிண்ட், டேப் இல்லாத இடத்தைவிட மோசமாக இருந்தது. அந்த வண்டிக்காரர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் செலவு செய்து அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு ஒரு மாதம் எதையும் விற்காமல் பசையை மட்டும் படித்தேன். அழுத்தினால் ஒட்டும் பசைகளில் ரப்பர் வகை, அக்ரிலிக் வகை என்று இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ரப்பர் வகை தொட்டவுடன் பிடிக்கும். ஆனால் வெயிலும் சூடும் பட்டால் குழைந்து நாளடைவில் மஞ்சளித்துப் போகும், பெட்ரோல் பட்டால் கரையும். அக்ரிலிக் வகை முதலில் சோம்பலாக இருக்கும். நேரம் போகப் போகப் பரப்பின் நுண்ணிய பள்ளங்களுக்குள் வழிந்து நிரம்பி வலுப்பெறும். சாதாரண அறை வெப்பத்தில் அதன் முழுப் பிடிப்புக்கு 72 மணி நேரம் ஆகும் என்பது தயாரிப்பாளர்களின் கணக்கு. இருபது நிமிடத்தில் பாதி, ஒரு நாளில் பத்தில் ஒன்பது பங்கு. எனக்கு அக்ரிலிக் என்று விற்கப்பட்ட ரோலில் ஒரு துண்டை வெட்டி, பெட்ரோல் நனைத்த துணியால் பசைப் பக்கத்தைத் துடைத்தேன். பாகு போல வழிந்துவிட்டது. அது ரப்பர் பசை என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

வாங்கும் ஒவ்வொரு ரோலையும் சோதிக்க ஒரு சிறு ஏற்பாடு செய்துகொண்டேன். ஆய்வகங்களில் 25 மில்லிமீட்டர் அகலத் துண்டை உலோகத் தகட்டில் ஒட்டி, அதைத் திருப்பி மடக்கி 180 பாகையில், நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் உரித்து அதற்கு ஆகும் விசையை அளப்பார்கள். என்னிடம் இருந்தது பழைய பேப்பர் எடைபோடும் கொக்கித் தராசு, பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு, ஒரு ஸ்டாப்வாட்ச். ஐந்து நொடிக்கு 25 மில்லிமீட்டர் என்று தகட்டில் கோடு போட்டுக்கொண்டு அந்த வேகத்துக்குக் கையைப் பழக்கினேன். ஆய்வகத் துல்லியம் இதில் வராதுதான். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவதற்கு இது போதும். ரப்பர் பசை ஒட்டிய உடனே 1.7 கிலோ காட்டியது. மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் கிடந்த பிறகு 0.6. வேறு இடத்தில் வாங்கிய 0.13 மில்லிமீட்டர் தடிமனுள்ள அக்ரிலிக் பசை இருபது நிமிடத்தில் 0.7 மட்டுமே காட்டியது. மூன்று நாள் கழித்து அதே வெயிலில் 1.4. முதல் நாள் வீரனைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன் என்று அந்த இரண்டு வரிசை எண்களையும் பார்த்தபோது தெரிந்தது.

தடிமனும் முக்கியம். இதே குடும்பத்தில் 0.05 மில்லிமீட்டர் பசையும் விலை குறைவாகக் கிடைக்கிறது. வழவழப்பான கண்ணாடிக்கும் பெயர்ப்பலகைக்கும் அது போதுமானதாக இருக்கலாம். ஆனால் பவுடர் கோட்டிங் செய்த ஃபிரேமின் பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போல மேடுபள்ளமாக இருப்பதால், மெல்லிய பசை மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் பள்ளங்களை அந்தரத்தில் விட்டுவிடும். தடித்த பசை இரண்டையும் நிரப்பும். சில வாடிக்கையாளர்கள் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் மூடிகளுக்கும் டேப் கேட்டார்கள். மண் ஓட்ட வண்டிகளின் பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். எதையும் எளிதில் ஒட்டவிடாத, மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன் மட்டுமே உள்ள பொருள் அது. அதற்கென்றே செய்த பசை தனியாக உண்டு, விலையும் தனி. இரண்டு வகைப் பசையையும் கையிருப்பில் வைக்கத் தொடக்கத்தில் என்னால் முடியாது என்பதால், பிளாஸ்டிக் பாகங்களுக்குச் செய்து தருவதில்லை என்று தீர்மானித்தேன். கேட்டவர்களில் சிலர் கோபித்துக்கொண்டார்கள். எழும்பும் என்று தெரிந்தே விற்பதைவிட அது பரவாயில்லை.

பசையை மாற்றிச் செய்த அடுத்த பத்து செட்டுகளில் இரண்டில் மட்டும் மறுபடி ஓரம் எழும்பியது. ஒரே ரோல், ஒரே நாளில் வெட்டியவை, நானே என் கையால் ஒட்டியவை. இரண்டு வண்டிகளுக்கும் பொதுவானது என்ன என்று துருவியபோது, இரண்டுமே ஒட்டுவதற்கு முந்தைய நாள் வாட்டர் சர்வீஸ் போய் வந்தவை என்று தெரிந்தது. நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் வண்டியைக் கழுவி முடித்ததும் எஞ்சின் அடியிலும் ஃபிரேமிலும் டீசலைப் பீய்ச்சித் துடைத்துவிடுவார்கள்; வண்டி புதிது போலப் பளபளக்கும். சில கடைகளில் சிலிகான் பாலிஷ். இரண்டின் படலமும் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் அவற்றின் மேல் ஒட்டிய பசை எண்ணெய்க் காகிதத்தில் எழுதிய மை போலத்தான். அதற்கு முன் நான் தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். தின்னர் எண்ணெயைக் கரைத்து இடம் மாற்றுமே தவிர, அதே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் முழுவதும் எடுக்காது. பனியன் துணியின் பஞ்சும் பரப்பில் தங்கிவிடும். சில பெயிண்டுகளைத் தின்னர் இளக்கியும் விடும். இப்போது முதலில் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்த கலவையில் நனைத்த, நூல் விடாத துணி. ஒரு பக்கத்தால் ஒரே திசையில் ஒரு முறை துடைத்து, துணியைத் திருப்பி மறுபடி. துணியில் கறை வருவது நிற்கும் வரை.

இனி அளவெடுப்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் தனி வடிவம் வேண்டும், அதைக் கடையில் வாங்க முடியாது. என் எக்ஸ்பல்ஸின் துருவை எடுத்து ஃபிரேமுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருந்தேன். அடித்தவர் இடது பக்கம் ஒரு சொட்டு வழியவிட்டிருந்தார். சரி, டேப்புக்கு அடியில்தானே போகிறது என்று அப்படியே விட்டுவிட்டேன். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டேப் வர வேண்டிய இடம் முழுவதையும் பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பால் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறுமாறு போர்த்தினேன். அதன் மேல் பென்சிலால் எல்லைக் கோடு. எல்லை எங்கே என்பதை ஃபிரேமின் அழகு தீர்மானிக்கக் கூடாது. அந்த வண்டியில் வேலை செய்யப் போகும் மெக்கானிக்கின் கை தீர்மானிக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி ரிங் ஸ்பேனரும் சாக்கெட்டும் தடையின்றித் திரும்ப இடம் வேண்டும். வலப்பக்கம் கிக்கர் சுழலும் பாதையிலும் பிரேக் பெடல் அசையும் பாதையிலும் எதுவும் இடறக் கூடாது. சைலன்சர் குழாய்க்கு அருகே ஒட்டவே கூடாது. வெல்டிங் மடிப்புகளின் மேல் ஒட்டுவதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட விதி: ஃபிரேமில் விரிசல் விழுந்தால் அது பெரும்பாலும் வெல்டிங்கை ஒட்டித்தான் தொடங்கும், அதை மூடி மறைக்கும் எதையும் நான் விற்க மாட்டேன். ஒருவர் ஸ்டீயரிங் தலைக்குழாய் வரை கேட்டார். சேசிஸ் எண் பொறித்த இடத்தை மூடினால் ஆர்டிஓ அலுவலகத்தில் நிற்கும்போது என் பெயரைத்தான் சொல்லித் திட்டுவீர்கள் என்று சொல்லி மறுத்தேன்.

அந்த மாஸ்கிங் டேப் போர்வையை முழுதாக உரித்துத் தடித்த அட்டையில் படியவைத்தால், சில துண்டுகள் தட்டையாகப் படியும், சில எவ்வளவு நீவினாலும் ஓர் இடத்தில் மடிந்து எழும். ஒரு திசையில் மட்டும் வளைந்த குழாயைக் காகிதம் சுற்றிக்கொள்ளும். இரண்டு திசையிலும் வளைந்த இடத்தை எந்தக் காகிதமும் சுற்றாது, ஆரஞ்சுத் தோலைத் தட்டையாக்க முடியாதது போல. டிபியு தாள் நீளும் தன்மையுள்ளது என்பதால் இழுத்து ஒட்டிச் சமாளிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். இழுத்து ஒட்டியது அன்றைக்கு அழகாகப் படிந்தது. ஆனால் நீண்ட தாள் இரவும் பகலும் தன் பழைய அளவுக்குத் திரும்ப இழுத்துக்கொண்டே இருக்கும், அந்த இழுப்பு முழுவதும் ஓரத்துப் பசையின் தலையில்தான் விடியும். அதனால் அப்படி மடியும் இடங்களில் வடிவத்தைப் பிரித்து இரண்டு துண்டாக்கி, நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். எக்ஸ்பல்ஸுக்கு ஆறு துண்டுகளில் முடியும் என்று நினைத்தது பத்துத் துண்டுகளில் முடிந்தது. கூர்மையான மூலை ஒன்றுகூட இல்லை. எல்லா மூலைகளையும் குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டிவிட்டேன். கூரான மூலையை ஒரு விரல் நகம் எழுப்பிவிடும்.

அட்டை வடிவங்களை ஓர் அளவுகோலையும் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்து, இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கோடுகளாக மாற்றினேன். அளவுகோலை வைக்க மறந்துவிட்டால் அச்செடுக்கும்போது அளவு ஒரு சதவீதம் கூடியோ குறைந்தோ போனது தெரியவே தெரியாது. தெருமுனை ஸ்டிக்கர் கடைக்காரர், வண்டிக்கு ரேடியம் ஒட்டித் தருபவர், ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரமான தன் பிளாட்டரில் காகித மாதிரிகளை வெட்டிக் கொடுத்தார். 0.8 மில்லிமீட்டர் தாளும் பசையும் பசையை மூடியிருக்கும் பின்தாளும் சேர்ந்த தடிமனை அந்த பிளாட்டரின் கத்தி இழுத்துக் கிழித்ததே தவிர வெட்டவில்லை. முதல் முப்பது செட்டுகளை அட்டையை வைத்துக் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஒரு செட்டுக்கு நாற்பது நிமிடம், கட்டைவிரல் மடக்கில் காய்ப்பு.

அட்டைப்பெட்டி செய்யும் அச்சகம் ஒன்றில் பழைய டிரெடில் அச்சு இயந்திரத்தை டை பஞ்சிங்குக்கு, அதாவது வடிவத்தை ஒரே அழுத்தில் வெட்டி எடுப்பதற்கு, மாற்றிப் பயன்படுத்துவதைப் பார்த்த பிறகுதான் வழி பிறந்தது. ஒட்டுப்பலகையில் வடிவத்தின் கோட்டை அறுத்து, அந்தப் பிளவில் ரூல் எனப்படும் கூரான எஃகுப் பட்டையை வளைத்துச் செருகி, சுற்றிலும் ரப்பர் ஒட்டிய டை. ஒரு டைக்கு எனக்கு ஆன செலவு 6,500 ரூபாய். சொரசொரப்புப் பக்கத்தில் ரூல் முதலில் இறங்கினால் முண்டுகள் ஓரத்தில் நசுங்கிப் பிசிறடித்ததால், தாளைக் கவிழ்த்துப் பின்தாள் பக்கமிருந்து வெட்டினோம். அப்படிக் கவிழ்த்தால் வடிவம் கண்ணாடி பிம்பமாக மாறிவிடும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கோப்பை அனுப்பும்போது வலப்பக்கத் துண்டுகளை மட்டும் திருப்பிவிட்டு இடப்பக்கத்தை அப்படியே அனுப்பியிருக்கிறேன். நாற்பது தாள் வெட்டி முடிந்த பிறகு அச்சகத்துப் பெரியவர் இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, ரெண்டும் சோத்தாங்கைப் பக்கமாவே இருக்குதுங்களே, வண்டிக்கு ஒரு பக்கந்தானுங்களா?” என்றார். சங்கிலி ஒரு பக்கமும் கிக்கரும் பிரேக்கும் மறுபக்கமும் இருக்கும் வண்டியில் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது. நாற்பது செட்டின் இடப்பக்கங்கள் அப்படியே வீண். இப்போது டைக்குக் கோப்பை அனுப்பும் முன் காகிதத்தில் வெட்டி, கவிழ்த்து, வண்டியின் மேல் வைத்துப் பார்க்காமல் பணம் கட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டின் பின்தாளிலும் “இ-1”, “வ-3” என்று எண்ணும், உரிக்க வசதியாக நடுவில் பின்தாளை மட்டும் கீறிய ஒரு கோடும் உண்டு.

கணக்கு வழக்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொண்டு இலவசமாக முடிந்தது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்பத் தேவையில்லை. சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை என்று பலரும் சொல்வது உண்மைதான். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது, தொடக்கத்திலேயே பதிவு வேண்டும். பெங்களூரிலும் புனேயிலும் கேட்பவர்கள் இருந்ததால் முதல் மாதமே பதிந்தேன். ஜிஎஸ்டி சரக்குப் பட்டியலில் தானே ஒட்டும் பிளாஸ்டிக் தாள்களுக்கான 3919 என்ற தலைப்பில் 18 சதவீத வரி. இந்தத் தலைப்பைத் தணிக்கையாளரோடு உட்கார்ந்து முடிவு செய்தது நல்லதாயிற்று, ஏனென்றால் உப்புத்தாள் வகைக்கும் வண்டி உதிரிபாகத்துக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. முன்கூட்டியே பொதியிட்டு விற்கும் எதற்கும் 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் பொருந்தும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: தயாரிப்பாளர் பெயர், முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, செய்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை உறை மேல் இருக்க வேண்டும். அழகாக அடித்து வைத்திருந்த இருநூறு உறைகளில் இவற்றில் மூன்று இல்லை. தனி ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன்.

ஒரு செட்டை 899 ரூபாய்க்கு விற்கிறேன். அதில் வரி போக 762 மிஞ்சும். தாளும் பசையும் கழிவும் சேர்த்து 160, பஞ்சிங்கும் சுத்தம் செய்வதும் 45, உறை, தடுப்பு அட்டை, துடைக்கும் துணி 55, திரும்பி வருபவற்றுக்கு ஒதுக்கும் 40, கூரியர் 80. கையில் நிற்பது 382. அதாவது ஒரு புது வண்டிக்கு டை போட்டால், 18-ஆவது செட் விற்கும்போதுதான் டையின் விலையே திரும்புகிறது. அளவெடுக்க ஆகும் இரண்டு நாள் உழைப்பு அதில் சேரவில்லை. அதனால்தான் “என் வண்டிக்கும் செய்து தாருங்கள்” என்று கேட்பவர்களிடம், உங்களைப் போல இருபது பேரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேஎக்ஸ் 250-க்கு இன்றும் டை இல்லை. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் குறைவு. கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன், விலையும் அதற்கேற்பக் கூடுதல்.

அனுப்பும் விதத்திலும் ஒரு பாடம் கற்றேன். சுருட்டிக் குழாயில் போட்டு அனுப்பினால் கூரியர் செலவு மிச்சமாகும். ஆனால் சுருண்ட நிலையில் பின்தாள் ஆங்காங்கே பசையை விட்டு விலகிச் சிறு சுரங்கங்கள் போல எழும், அந்த இடங்களில் தூசி போய் ஒட்டும். இப்போது இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்தே அனுப்புகிறேன். உறைக்குள் ஒரு பக்கத் தாளில் ஒட்டும் முறையும் இருக்கும். வண்டியை நிழலில் ஆறவிட வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற கறுப்பு ஃபிரேமில் என் வெப்பமானி 60 பாகைக்கு மேல் காட்டியிருக்கிறது, அந்தச் சூட்டில் பின்தாளை உரித்தால் பசை கையோடு வந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் உருளையால் அழுத்த வேண்டும், இழுக்கக் கூடாது. மூன்று நாள் வண்டியைக் கழுவக் கூடாது. அதற்குப் பிறகும் பம்ப் தண்ணீரின் முனையை ஓரத்துக்கு எதிராகப் பிடிக்கக் கூடாது. இந்தக் கடைசி இரண்டையும் பாதிப் பேர் படிப்பதே இல்லை என்பதால், “72 மணி நேரம்” என்பதை மட்டும் உறையின் வெளியே சிவப்பில் அடித்துவிட்டேன். புகார் குறைந்தது அந்தச் சிவப்பு எழுத்தால்தான் என்று நினைக்கிறேன்.

சென்ற வாரம் என் வண்டியில் ஏழு மாதம் ஓடிய செட்டை மாற்றினேன். கணுக்கால் அழுந்தும் இடத்தில் முண்டுகள் முழுவதும் தேய்ந்து வழவழத்துவிட்டன. ஓரம் எதுவும் எழும்பவில்லை. முடி உலர்த்தும் இயந்திரத்தால் இளஞ்சூடு காட்டி ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்தேன். இரண்டு இடங்களில் தங்கிய பசையை நீலகிரித் தைலம் தொட்ட துணியால் ஊறவைத்துத் துடைத்ததும் வந்துவிட்டது. பட்டறை முழுவதும் சளிபிடித்த வீட்டு வாசனை. இடது பக்கம் பெயிண்டர் வழியவிட்ட அந்தச் சொட்டு, தேயாமல், அன்று உறைந்த வடிவிலேயே இருந்தது. சோப்புத் தண்ணீரால் கழுவி, ஆல்கஹால் துணியால் நான்கு முறை துடைத்து, புதிய செட்டை ஒட்டிவிட்டு, வண்டியைச் செவ்வாய்க்கிழமை வரை வெளியே எடுக்கவில்லை.